செல்வி எடுத்த பொட்டலம்

என் சாமி,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது. சாமியே கிடையாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிவிட்டு வருகிறவனை, நடுத்தெருவில் நின்றுகொண்டு சாமி, சாமி என்று கூப்பிடுகிறாயே, என் மானம் போகுதும்மா என்பாய். உங்கப்பா உனக்கு வைத்த பேர் அறிவழகன். அப்போது அவர் கறுப்புச் சிவப்புக் கரை வேட்டி கட்டிக்கொண்டிருந்தார், பிறகுதான் முழுச் சிவப்புக்குப் போனார். அந்தப் பேர் பள்ளிக்கூடத்துக்கு ஆயிற்று, காலேஜுக்கு ஆயிற்று, கொஞ்ச காலம் ஆபீசுக்கும் ஆயிற்று. என் வாய்க்கு மட்டும் அது வரவே இல்லை. பால் கொடுத்த காலத்திலிருந்து நீ எனக்குச் சாமிதான். நீ செத்துப் போனாய் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் வாயால் சொன்னதில்லை. பையன் போயிட்டான் என்பேன், இல்லாமப் போயிட்டான் என்பேன். ரேஷன் கார்டில் பேர் எடுக்கப் போனபோதுகூட உங்கப்பாதான் சொன்னார், நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு எழுதிப் பார்க்கிறேன். நீ செத்துப் போனாய். எழுதிவிட்டேன். எழுதியும் ஒன்றும் ஆகவில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது, தெருவில் ஆட்டுக்குட்டி கத்துகிறது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உன் தங்கச்சி செல்வி காலேஜ் முடித்துவிட்டாள். நீ தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த செல்வி. உனக்குப் பிறகு இந்தத் தெருவில் காலேஜ் முடித்தது அவள்தான். இன்றைக்கு மன்னார்குடிக்குப் போயிருக்கிறாள், சர்டிபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க. சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவாள். அவளுக்கு இரண்டு வழி வந்திருக்கிறது. தஞ்சாவூரில் டீச்சர் டிரெயினிங் சீட் ஒன்று. மெட்ராஸில் வேலை ஒன்று, பரீட்சை எழுதி வாங்கினது. இரண்டுக்கும் நாளையோடு கெடு. வேறு வீடாக இருந்தால் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நம் வீட்டில் ஆர்டர் வந்த அன்றைக்கு உங்கப்பா வயலுக்குப் போனவர் இருட்டுகிற வரைக்கும் வரவில்லை. செல்வி என்னிடம் வந்து, "நீ எதைச் சொல்றியோ அதைச் செய்யுறேன். நான் எதையும் எடுக்க மாட்டேன்" என்றாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. கொடியில் துணி காய்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பி.ஏ. பாஸ் பண்ணின வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போது உனக்கு யோசனை சொல்லாத ஆள் கிடையாது. திருவையாற்றிலிருந்து உன் மாமா வந்து வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, வாத்தியார் வேலைக்கு மேல ஒரு வேலை உலகத்திலேயே கிடையாது மாப்ளே என்று அடித்துச் சொன்னார். வருஷத்தில் பாதி நாள் லீவு, மீதி நாளும் பசங்களை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நீயும் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார். அதுக்கு எதுக்கு மாமா வேலை, இப்பவே மரத்தடியிலதானே உக்காந்திருக்கேன் என்றாய். மாமாவுக்கு இரண்டு நாள் கோபம். விவசாயச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். நீ இங்கேயே இரு தம்பி, படிச்ச ஆள் ஒருத்தன் கூட வந்தாத்தான் ஆபீசுல நம்மளை உக்காரச் சொல்றான் என்றார்கள். உங்கப்பா செய்தது வேறு. உன்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாய்க்கால் தலைப்பில் நிறுத்தி, எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும் என்று காட்டிக்கொண்டே இருந்தார். பிறந்ததிலிருந்து உனக்குத் தெரிந்த வாய்க்கால்தான். அப்படித்தான் அவருக்குக் கேட்கத் தெரியும்.

அந்த நிலம் நம்முடையது இல்லை. மிராசுதாருடையது. உங்கப்பா பண்ணையாளாக இருந்து, குத்தகைக்காரராகி, குத்தகைப் பதிவில் தன் பேரை ஏற்றிக்கொண்டவர். பேர் ஏறின அன்றைக்குத் தாலுக்கா ஆபீஸிலிருந்து நடந்தே வந்தார், பஸ்ஸில் உட்கார இருப்புக் கொள்ளவில்லை என்று. அதற்கப்புறம்தான் மிராசுதார் கேஸ் போட்டார், ஆளை எழுப்ப வேண்டும் என்று. நோட்டீஸ் வரும், உங்கப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நீ படித்துச் சொல்வாய். அந்த வருஷம் குறுவை அறுப்பில் கூலித் தகராறு வந்தது இல்லையா. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து போலீஸ் காவலில் இறக்கினார்கள். நம் தெரு முழுக்க வரப்பில் போய் உட்கார்ந்தது. நீ முன்னால் நின்று பேசினாய். தடியடியில் உங்கப்பாவுக்குத் தோள்பட்டை போயிற்று, ஸ்டேஷனில் வைத்திருந்துவிட்டுத்தான் விட்டார்கள். டீக்கடையில் மிராசுதாரின் ஆள் ஒருத்தன், அந்தப் படிச்ச பயல்தான் இவனுங்களுக்கு வாய், வாயை அடைச்சா எல்லாம் அடங்கும் என்று சொன்னானாம். அதை என்னிடம் யாரோ வந்து சொன்னார்கள். அன்றையிலிருந்து நீ சைக்கிளை எடுத்தாலே நானும் எழுந்து வெளியே வந்துவிடுவேன். மணிச் சத்தம் கேட்கிற வரைக்கும் வாசலைவிட்டு நகர மாட்டேன்.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஆர்டர் வந்தது. சர்க்கார் ஆபீஸில் கிளார்க் வேலை. என் பிள்ளை அரிவாளுக்கும் தடிக்கும் எட்டாத இடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதப்போகிறான் என்று நான் பூரித்துப் போனேன். உங்கப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நான் போகக் கூடாதுன்னு சொல்லலை, போனா கேஸ் பேப்பரை யாரு படிச்சுச் சொல்லுவாங்கன்னுதான் கேக்குறேன் என்றார். உங்களுக்குப் பேப்பர் பெரிசா பிள்ளை பெரிசா என்றேன். அதோடு பேச்சு நின்றது. அதற்கப்புறம் செல்விதான் எங்களுக்கு நடுவில் தூது. உங்கம்மாகிட்ட வென்னீர் வைக்கச் சொல்லு என்பார், உங்கப்பாகிட்ட அடுப்புல விறகு இல்லைன்னு சொல்லு என்பேன். அவளும் அங்கே ஓடி, இங்கே ஓடி, ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லுவாள், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். சிரிப்புக்கு நடுவில் உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. சோறா கஞ்சியா, என்ன வேணும் என்று உன்னைத் தினமும் கேட்டவள் நான். மெட்ராஸா ஊரா, உனக்கு என்ன வேணும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. உங்கப்பாவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். இழுக்கிறவர்களுக்குப் பிள்ளையின் கைதான் தெரியும், முகம் தெரியாது.

பூக் கட்டிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். நம் தெருவில் பெண் எடுப்பதானாலும் கிணறு தோண்டுவதானாலும் அம்மனிடம் பூக் கேட்காமல் யார் செய்தார்கள். நீ சண்டைக்கு வருவாய் என்று நினைத்தேன். பகுத்தறிவுக் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லையா. நீயோ என்னைப் பார்த்தாய், உம்மென்று உட்கார்ந்திருந்த உங்கப்பாவைப் பார்த்தாய். உங்க ரெண்டு பேரு சண்டை தீரும்னா பூ என்ன, பூசணிக்காயை வேணும்னாலும் போட்டுப் பாரு என்றாய். உங்கப்பாவும் சரி என்றார். அவருக்கும் மனசுக்குள் பயம் இருந்திருக்கும், தான் சொல்லி நீ நின்று, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்று. எனக்கும் அதே பயம்தான், வேறு பக்கமாக. ஆளுக்கு ஒரு பயத்தை வைத்துக்கொண்டு, முடிவைத் தூக்கி அம்மன் தலையில் வைத்தோம். அம்மன் தலையிலும் அது நிற்கவில்லை, சாமி. அங்கிருந்து அது எங்கே போய் விழுந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, தெருக்கோடி பிடாரியம்மன் கோயில். பூசாரி இரண்டு பூவரச இலை எடுத்துவந்தார். ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செம்பருத்தி. வெள்ளைக்கு எது, சிவப்புக்கு எது, முன்னாடியே சொல்லிடுங்க என்றார். உங்கப்பா முந்திக்கொண்டு, சிவப்பு ஊருக்கு என்றார். அப்பா கொடியை வச்சுக் கணக்குப் போடுறாரு பூசாரி, அம்மன் எந்தக் கட்சின்னு முதல்ல கேட்டுக்குங்க என்றாய் நீ. பூசாரி சிரிக்கவில்லை. அம்மன் எல்லாக் கட்சிக்காரன் தேங்காயையும் வாங்கிக்குவா, நீ வாயை மூடிக்கிட்டு நில்லு தம்பி என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொட்டலம் இரண்டையும் வாழை நாரால் ஒரே மாதிரி கட்டி, தட்டில் போட்டு, துண்டால் மூடிக் குலுக்கி, அம்மன் காலடியில் உருட்டிவிட்டார். எடுக்கிறது யாரு என்று கேட்டார். செல்வி என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள். அவள் கை ராசியான கை என்று அப்போது தெருவே சொல்லும். நடவு என்றால் முதல் நாற்று முடியை அவள் கையால் வாங்கித்தான் வைப்பார்கள். எங்கெங்கிருந்தோ வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அவளுக்கு அதில் ஒரே பெருமை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி போய் நின்று, கையை இந்தப் பக்கம் கொண்டுபோனாள், அந்தப் பக்கம் கொண்டுபோனாள். ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பிழைத்தோம் என்று. உங்கப்பா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வயலைப் பார்க்க நடந்தார். நீ செல்வியைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, எனக்கு வேலை போட்டுக் குடுத்த ஆபீசர் இவங்கதான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாய். அவள் உன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லா வாசலிலும் சிரித்தார்கள். அந்த ஊர்வலத்தை நான் எத்தனையோ தடவை கண்ணை மூடிப் பார்த்திருக்கிறேன். அதில் உன் முகம் மட்டும் எனக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. உன் பின்னால்தான் நடந்து வந்தேன், சாமி.

நீ போனாய். பொங்கலுக்கு வந்தாய். எனக்கு ஒரு புடவை, செல்விக்கு ரிப்பன், உங்கப்பாவுக்குத் துண்டு. மெஸ் சாப்பாட்டில் சாம்பார் வாய்க்கால் தண்ணி மாதிரி இருக்கும், நம்ம வயலுக்குத் திருப்பிவிடலாம்னு பாக்குறேன் என்று சிரிக்க வைத்துவிட்டுப் போனாய். அவ்வளவுதான் நான் உன்னைப் பார்த்தது. அறுப்பு முடிந்து உளுந்து பறித்துக்கொண்டிருந்தோம், தந்தி வந்தது. மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று. உங்கப்பாவும் மாமாவும் போய்ச் சேருகிறபோது நீ இல்லை. சங்கத்துக்காரர்கள் வேன் பிடித்து உன்னைக் கொண்டுவந்தார்கள். நான் உன் காலைத்தான் முதலில் பார்த்தேன். அதில் சேறே இல்லாமல் இருந்தது. நம் வயல் வரப்பெல்லாம் கீழாநெல்லி, சாமி. களையென்று பிடுங்கி எறிகிறோம். பக்கத்து ஊர்க்காரன் காமாலைக்கு நம் வரப்பில் வந்துதான் பறித்துக்கொண்டு போவான். நீ இங்கே இருந்திருந்தால், கண்ணு மஞ்சளா இருக்கேடா என்று நான் பார்த்திருக்க மாட்டேனா. அரைத்துக் கொடுத்திருக்க மாட்டேனா. அரிவாளுக்குப் பயந்து அனுப்பினேன். அந்த ஊர்த் தண்ணீருக்குப் பயப்படத் தெரியவில்லை எனக்கு.

உன் கூட ரூமில் இருந்த சேகர், திருக்கடையூர் பக்கத்துப் பையன், அந்த வேனிலேயே உன் டிரங்குப் பெட்டியோடு வந்தான். நல்ல பையன். உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டது அவன்தான். எங்களுக்கு ஆறுதலாக எதாவது சொல்ல வேண்டுமே என்று தவித்தான் போலிருக்கிறது. செல்வியைப் பார்த்ததும் கிட்டே கூப்பிட்டு, தலையைத் தடவி, "நீதானா அந்தக் கை ராசிக்காரத் தங்கச்சி? என் தங்கச்சி கைதான் என்னை மெட்ராசுக்குக் கொண்டாந்து சேத்துச்சுன்னு உங்கண்ணன் ரூமுக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு" என்றான். நல்ல மனசோடு சொன்னான். உன் பேச்சைத்தானே சொன்னான். நான் அப்போது என் நினைவில் இல்லை. செல்வி அங்கேயே நின்று தன் இரண்டு கையையும் பார்த்தாள் என்று பிறகு உன் மாமா சொன்னார். குழந்தைதானே, விளையாட்டில் மறந்துவிடும் என்று நினைத்தோம். அடுத்த நடவுக்கு முதல் முடி வைக்க அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பதை யாரும் சொல்லவும் இல்லை. வேறு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நம் வாசல் வழியாகவே போனார்கள். இவள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

அதற்கப்புறம் அவள் எதையும் எடுத்ததில்லை. கடையில் இரண்டு பாவாடைத் துணியை விரித்துப் போட்டால், நீயே எடும்மா என்பாள். காலேஜில் எந்தப் பாடம் என்றபோது டீச்சர் சொன்னதைச் சேர்ந்தாள். பந்தியில் பரிமாறினால் கூட, கூடையில் கை விட்டு ஒரு பழத்தை எடுத்துக் கொடு என்றால் கூடையோடு நீட்டுவாள். இதெல்லாம் அவள் குணம் என்று நினைத்துக்கொண்டேன். அடக்கமான பொண்ணு என்று சொந்தக்காரர்களிடம் பெருமை பேசினேன். அது அடக்கம் இல்லை, பயம் என்று இந்த ஆர்டர் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தஞ்சாவூரைச் சொன்னால், மெட்ராஸுக்கு அனுப்ப அம்மாவுக்குப் பயம், அண்ணன் செத்ததற்கு நான்தான் காரணம் என்று அம்மாவும் நினைக்கிறாள் என்று செல்விக்கு ஆகும். மெட்ராஸைச் சொன்னால், அதே ரயில், அதே மெஸ். ரயிலடியில் நின்று நான் எப்படிக் கை காட்டுவேன். அதனால் முந்தாநாள் ஒரு காரியம் செய்தேன். அவளிடம் ஒரு பொய் சொன்னேன்.

வாசலில் புழுங்கல் நெல் காயப்போட்டு அவள் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்டி. அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு. நான்தான் பூசாரிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சேன். நீ எதை எடுத்திருந்தாலும் அவன் மெட்ராசுதான் போயிருப்பான்" என்றேன். நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். அப்படி ஒரு தில்லுமுல்லு செய்கிற சாமர்த்தியம் எனக்கு அன்றைக்கு இல்லாமல் போயிற்றே என்று இத்தனை வருஷம் கழித்து வருத்தப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் கிளறுவதை நிறுத்தவில்லை. அந்தக் கோடி வரைக்கும் போய், திரும்பி வந்து, என் முன்னால் நின்றாள்.

"அம்மா, மிச்சப் பொட்டலத்தைப் பிரிச்சு பூசாரி மாமா என் தலையிலதான் வச்சுவிட்டாரு. செம்பருத்தி. பாவாடைக்குப் பொருத்தமா இருக்குன்னாரு. அண்ணன் தோள்ல உக்காந்து வர்றப்ப அது விழுந்துடப்போகுதுன்னு நான் ஒரு கையால பிடிச்சுக்கிட்டே வந்தேன்."

எனக்காகப் பொய் சொல்லாதே என்றாள். இத்தனை நாளும் யார்கிட்டயும் கேக்காத ஒண்ணைக் கேக்குறேன் என்றாள். "அண்ணன் அந்தப் பூவுக்காகத்தான் போனுச்சா, இல்ல போகணும்னு போனுச்சா? அதை மட்டும் சொல்லு. அது தெரிஞ்சா நான் ஒண்ணை எடுத்துக்குவேன்."

அன்றையிலிருந்து உன்னைத் தோண்டித் தோண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூக் கட்டுவதற்கு முந்தின வாரம் நீ மன்னார்குடி டெய்லரிடம் இரண்டு பேண்ட் தைக்கக் கொடுத்தாய். அப்படியானால் போகத்தான் நினைத்திருந்தாயா. எங்க இருந்தாலும் போட்டுக்கலாம்ல என்று சொன்னாயே, அது எங்களுக்காகச் சொன்னதா. அதே வாரம்தான் சங்க ஆபீஸிலிருந்து குத்தகைச் சட்டப் புத்தகம் வாங்கிவந்து உங்கப்பாவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினாய். அப்படியானால் இருக்கத்தான் நினைத்தாயா, இல்லை போவதற்கு முன்னால் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாயா. வெள்ளை வந்ததும் தெருவெல்லாம் சிரித்தாய். சாயங்காலம் வாய்க்கால் தலைப்பில் தனியாகப் போய் நின்றாய். வீட்டுக்கு வந்து, இரண்டாம் சோறு வேண்டாம் என்றாய். சாமி இல்லை என்கிறவன், பூவுக்கா கட்டுப்படுவான் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. பூவுக்குக் கட்டுப்பட மாட்டான், அம்மாவுக்குக் கட்டுப்படுவானே என்று மறு நேரம் தோன்றுகிறது. உன்னைப் பெற்றவள் நான். உனக்குக் கத்தரிக்காய் பிடிக்கும், பாகல் பிடிக்காது, தலைவலி வந்தால் பேச மாட்டாய், எல்லாம் தெரியும். இது ஒன்று தெரியவில்லை.

நேற்று உங்கப்பாவிடம் போனேன். வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். கேஸ் இன்னும் முடியவில்லை சாமி, இழுத்துக்கொண்டுதான் கிடக்கிறது. நோட்டீஸ் வந்தால் இப்போது செல்வி படித்துச் சொல்கிறாள். நான் கேட்டேன், அவன் போகணும்னுதான் இருந்தான்னு செல்விகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன், உங்க வாயால சொன்னா நம்புவா என்று. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவன் என்கூட இருக்கத்தான் ஆசைப்பட்டான், வெள்ளை வந்ததாலதான் போனான், அதுல என்ன சந்தேகம் என்றார். இருக்கட்டும், பிள்ளைக்காகச் சொல்லுங்க என்றேன். ஒரு வெட்டு மண்ணை எடுத்து மடையில் போட்டார். "அதையும் எங்கிட்டேருந்து எடுத்துடாதே" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். நீ இருக்க ஆசைப்பட்டாய் என்பதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் உயிரோடு இருக்கிறார். நீ போக ஆசைப்பட்டாய் என்று தெரிந்தால்தான் ஒருத்தி வாழத் தொடங்குவாள். இரண்டு பேருக்கும் நான்தான் சோறு போடுகிறேன்.

உனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்திருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன். பிள்ளை உன் எதிரில் நிற்கும்போது, அது என்ன செய்யலாம் என்று வேறு யாரையும் கேட்காதே, அதைக் கேள். அது சொல்வது உனக்குப் பிடிக்காவிட்டாலும் கேட்டு வைத்துக்கொள். பின்னால் ஒரு நாள் அந்த ஒரு வார்த்தை இல்லாமல் வீடே முடங்கிக் கிடக்கும். இதைச் சொல்ல உனக்குப் பிள்ளை இல்லை, எனக்கு நீ இல்லை. யாராவது படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

வெயில் இறங்கிவிட்டது. பஸ் வருகிற நேரம். தஞ்சாவூரோ மெட்ராஸோ, அவளுக்கு எது பிடிக்கும் என்று இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன். கேட்டால் அவள் என்னைத் திருப்பிக் கேட்பாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மேலே போனவர்களுக்கு எல்லாம் தெரியும் என்கிறார்கள், அதையும் நீ நம்ப மாட்டாய். நான் நம்பி என்ன, நம்பாமல் என்ன, கேட்கிறேன். உங்கப்பாவுக்காகக் கேட்கவில்லை, எனக்காகவும் கேட்கவில்லை. உன் தோளில் உட்கார்ந்து வந்தாளே, அந்தப் பிள்ளைக்காகக் கேட்கிறேன். அன்றைக்கு அவள் கை மற்றதை எடுத்திருந்தால், என் சாமி, நீ போகாமல் இருந்திருப்பாயா?